கப்பல் கொட்டும் அண்ணனின் வல்லயமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அண்ணன் இருந்தவரை பேனாவை எடுக்கவே மனம் வரவில்லை. அம்மனை நினைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்களுக்குக் கருப்பட்டி வியாபாரம். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில்தான் ஒரு வாத்தியக் கோஷ்டி வாசித்துப் பழகியது. மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் ஊதியவர், கல்யாண பேண்டு டிரம்ஸ்காரர், சினிமாப் பாட்டுக் கச்சேரியில் கிதார் வாசித்தவர் என்று ஊரிலுள்ள கெட்டிக்காரர்களெல்லாம் அவரவர் கோஷ்டியை விட்டு ஒன்றாகச் சேர்ந்தார்கள். துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டு மாலுமி ஒருவன் விற்றுவிட்டுப் போன சால்சா என்னும் லத்தீன் அமெரிக்க ஆட்டப்பாட்டு இசைத்தட்டுகள்தான் அவர்களுக்கு வாத்தியார். கையால் அடிக்கும் இடுப்புயரக் கொங்காவும் அவன் கொடுத்ததே.

"அண்ணாச்சி, மூடைக்குள்ள கிடக்க எறும்புகூட ஆடுது, பாத்தியளா?" என்பார் டிரம்ஸ்காரர்.

முதலில் கப்பல்காரர்கள் கூடும் மன்றத்தில் வாசித்தார்கள். அடுத்து மாதா கோயில் திருவிழா. பிறகு கடற்கரை மைதானம். அன்று சுவரெல்லாம் ஆள் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெருமையில், உடன்குடிப் பக்கம் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சாயங்காலக் கச்சேரி செய்ய அவர்களை நானே கூட்டிப் போனேன்.

அங்கே அண்ணன்தான் கோமரத்தாடி, சாமி வந்து ஆடுகிறவர். அம்மன் இறங்கினால்தான் வல்லயத்தை, அந்த ஈட்டியை, கையில் எடுக்கலாம். இரண்டு கொடையாக அவருக்குச் சாமி வரவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். விரதத்தில் அண்ணன் துரும்பாய் இளைத்திருந்தார்.

மதியக் கொடைப் பூசையில் கோயில் மேளக்காரர் வேர்வை சொட்டச் சொட்ட அடித்தார். அண்ணன் கல்லாக நின்றார்.

"என்னத்த விரதம் இருந்தாரோ!" என்றாள் பங்காளி வீட்டு மதினி.

மேளக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்நேரம் பந்தலுக்கு வெளியே கொங்காவை இறக்கிய டிரம்ஸ்காரர், வெயிலில் தோல் இறுகிவிட்டதா என்று தட்டிப் பார்த்தார். தட்டிய கை நிற்கவில்லை. டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டது.

அண்ணன் அலறினார். அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. பீடத்திலிருந்த வல்லயத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்தத் தாளத்துக்கே ஆடினார்! பெண்களுக்குக் குலவையிட நாக்கு எழவில்லை.

ஆட்டம் ஓய்ந்ததும் பங்காளி பாய்ந்தார். "ஏலே, கப்பல் கொட்டுக்கு அம்மன் வருவாளால? இது செல்லாது!"

"என் அடிக்கு வராதவ அவன் அடிக்கு வந்துட்டா. வந்தவ அவதான அண்ணாச்சி?" என்றார் மேளக்காரர்.

வல்லயம் அண்ணனுக்கே என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம மேளந்தானலே அடிச்சது?"

சாமி சந்நிதியில் பொய் சொல்ல முடியுமா? கொங்காதான் என்று உள்ளதைச் சொன்னேன். அண்ணன் எழுந்துபோய் வல்லயத்தைப் பீடத்தில் சாத்தினார்.

"அவ வந்தது நெசம். என் விரதத்துக்கு வந்தாளா, அந்தக் கொட்டுக்கு வந்தாளான்னு எனக்குத் தெரியல. தெரியாம நான் இதத் தூக்கக் கூடாதுலே."

பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. அன்று சாயங்காலம் கச்சேரி நடந்தது. அண்ணன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கால் விரல்கூட அசையவில்லை.

இதை அற்புதம் என்று ஊதிப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. கேலி பேசுகிறவர்களும் உண்டு. நீங்கள் யாரிடமாவது சொன்னால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். என் அண்ணனுக்காகக் கேட்டுக்கொள்கிறேன்.