என் மகள் நிறுத்திய திரை நடுக்கம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்த போன் எழுதிக்கொள்கிறது. வயிறு எரிகிறது, அதனால் பேசுகிறேன்.

பழைய கம்ப்யூட்டர்களில் திரை நடுங்கும் கோளாறைச் சரிசெய்தது என் மகள். படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் 'டிரைவர்' என்ற அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். கூலி கிடையாது. மாசி முழுக்க அவள் கண் சிவந்து கிடந்ததை நான் மறக்கவில்லை.

இன்று நானும் அவளும் கள்ளக்குறிச்சியில் மவுஸ் வாங்க ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் யாரிடமோ அளந்துகொண்டிருந்தார்: "திரை நடுக்கத்த நம்ம கடையிலதான் நிறுத்துனோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது எம் பொண்ணு செஞ்சது. அவ பேரச் சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?"

"காமெடி பண்ணாதீங்க பெரியவரே. அந்த டிரைவர எழுதுறவங்க சுத்த சோம்பேறிங்க. வீடியோ போட்டா திரை கறுப்பாவுதுன்னு அவங்களுக்கு எத்தினி வாட்டி திட்டி எழுதினேன், ஒருத்தரும் கண்டுக்கல."

நான் கையை ஓங்கிவிட்டேன். மகளோ என்னை ஒதுக்கிவிட்டு, "எந்த வீடியோண்ணே? போட்டுக் காட்டுங்க" என்று அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரமாக வாசலில் நிற்கிறேன். உள்ளே இரண்டு பேரும் டீ குடிக்கிறார்கள்.

இப்போது நான் யாரைத் திட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.