ஊருக்கே போட்டுவிட்ட தட்டு

எழுபதுகளில் சேலத்து ரெக்கார்டு கடைக்கு அந்த நாதஸ்வர இசைத்தட்டு மொத்தமே நாலுதான் வந்தது. கம்பெனியே கொஞ்சம்தான் போட்டதாம். நான் ஒன்றை வாங்கியதும் மிச்சம் மூன்றையும் எங்கள் ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர் அள்ளிக்கொண்டார். அவர் பாட்டுக் கேட்கிறவர் அல்ல. பீரோவில் பூட்டி வைத்து, கிராக்கி ஏறியதும் இரட்டை விலைக்கு விற்கிறவர். என்னுடையதையும் கேட்டு வந்தார்.

"குடுத்துப்போடுங்க சாமி. நாலும் எங்கிட்ட இருந்தா நான் சொல்றதுதான் வெலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தட்டுகளை வீட்டில் யாரையும் தொட விடாதவன் நான். அன்றைக்கு அதை எடுத்துப்போய், மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு மைக்செட் கட்டியிருந்தவரிடம் கொடுத்தேன். ஒரு ஒலிபெருக்கிக் குழாயை வியாபாரி வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னேன். நோன்பி முடியும்வரை ஊரே அதைத்தான் கேட்டது.

மைக்செட்டின் மொட்டை ஊசி தட்டை உழுதுவிட்டது. வியாபாரி ஓடிவந்தார்.

"இப்படித் தேச்சுப்போட்டீங்களே, இனி இத ஆருங்க வாங்குவாங்க?"

"விக்கறேன்னு ஆருங்க சொன்னா?" என்றேன்.

என் தட்டு இன்றும் கரகரவென்றுதான் பாடுகிறது. அவருடைய மூன்றிலும் ஒரு கீறல்கூட இல்லையாம். பாடாத தட்டில் கீறல் எப்படி விழும்?