இடம் மாறிய துணைக்கால்

அவித்த நெல்லின் வாடை எங்கிருந்தாவது வந்தால் போதும், வாசலில் கார் ஏதும் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இல்லை என்று கண்டு வந்து உட்கார்ந்தபிறகும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி எழுந்து போவேன். இந்தப் பதற்றம் என்னைத் தொற்றியது மார்க்கையன்கோட்டையில், பெரியய்யா வீட்டில், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்து மழை நாள் ஒன்றில்.

பெரியய்யா என் அய்யாவுக்கு அண்ணன். ஊர் உலகத்துக்கு அவர் பெரிய கவிஞர், மதுரையில் இருந்தார். பாகம் பிரித்தபோது வயல் அய்யாவுக்கு என்றும் வீடு பெரியய்யாவுக்கு என்றும் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் பிறந்த அந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தது நாங்கள்தான். எங்களுக்கு வேறு கூரை கிடையாது. அதை அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

அன்று மழை விடாமல் அடித்ததால், களத்தில் காயவேண்டிய புழுங்கல் நெல்லை அம்மா கூடம் முழுக்கப் பரப்பியிருந்தாள். அய்யா மடை பார்க்க வயலுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு "பிளசர்" வந்து நின்றது. காரை அப்படித்தான் சொல்வோம். இறங்கியவர்கள் மதுரைக்காரர்கள், பெரியய்யா பாட்டில் பித்துக்கொண்டவர்கள். அவருடைய அறுபதாம் வயதுக்குள் வீட்டை ஏதோ செய்யவேண்டும் என்று வந்தவர்கள். நாடா பிடித்துச் சுவரை அளந்தார்கள், ஓட்டை அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். புறப்படும்போது அவர்களில் மூத்தவர், ஓட்டில் அடித்த மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னார்:

"ஐயா வீடு சீக்கிரமே நினைவில்லமா ஆயிரும்மா. நீங்களும் மனசத் தயார் பண்ணிக்கங்க."

அம்மா காதில் விழுந்தது வேறு. கார் தெருமுனை திரும்புமுன் அவள் மார்பில் கைவைத்துக்கொண்டாள். "அடி ஆத்தீ! பெரியவுக வீட்ல நெனவில்லாம ஆயிட்டாகளாம்டி! ஓடு, ஒங்கய்யாவக் கூட்டியா!"

வாய்க்கால் கரையில் வழுக்கி வழுக்கி ஓடி நான் அதையே சொன்னேன். அய்யா மண்வெட்டியைப் போட்டது போட்டபடி, கால் சேற்றோடு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது கரி எரித்து ஓடிய கரி பஸ்ஸில் மதுரைக்கு ஏறிவிட்டார். எழவு விழுந்தால் சனம் கூடும் என்று அம்மா ஈர நெல்லை அவசரமாக வாரி மூலையில் குவித்தாள். பக்கத்து வீட்டு மாயக்கா வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் அழுகைய மிச்சம் வையி தாயி, இன்னும் சேதி வரல. எல்லாத்தையும் இப்பவே அழுதுட்டா நாளைக்கு என்னத்த அழுவ?" என்றாள். நெல் அன்று ராத்திரியே புளித்த வாடை அடிக்க ஆரம்பித்தது. அதுவும் ஒரு கெட்ட சகுனமாகத்தான் எனக்குப் பட்டது.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அய்யா இறங்கினார். அவருக்குப் பின்னால், வெற்றிலை மென்றுகொண்டு, பெரியய்யாவே இறங்கினார்.

"நெனவில்லாமக் கெடக்கேன்னு என்னயப் பாக்க அழுதுக்கிட்டு வந்தான் ஒங்கய்யா. வந்தவன் என் தட்டுல இருந்த இட்லியப் பூராம் தின்னுட்டான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். மாயக்கா, "ஒரு நா அழுகை வீணாப் போச்சே" என்றாள். என்ன நடந்தது என்று விசாரித்த பெரியய்யா கூடத்தில் குந்தி, அம்மா மறுபடி பரப்பியிருந்த நெல்லின்மேல் விரலால் எழுதினார். நினைவில்லமா. அதற்குக் கீழே, நினைவில்லாம. "வாசி ஆத்தா" என்றார். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசித்தேன். "பாத்தியா, மகரத்துல நிக்கவேண்டிய துணைக்கால் லகரத்துக்கு எடம் மாறிப்போச்சு. அம்புட்டுத்தான். அவுக சொன்னது நினைவு இல்லம். என் ஞாபகமா இந்த வீட்டச் சனம் வந்து பாக்கிற மாதிரி வைக்கப்போறாகளாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தம்பி பெண்டாட்டி புருசனின் அண்ணனிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்களில் கிடையாது; ஆகவே கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொன்னாள்: "பெரியய்யாவக் கேளு. அப்ப நாம எங்கன போறதுன்னு கேளு."

நான் கேட்டேன். பெரியய்யா நெல்லில் எழுதியதை உள்ளங்கையால் மெல்ல அழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நான் இருக்குற வரைக்கும் ஒங்கள யாரும் அசைக்க முடியாது" என்றார்.

அம்மாவுக்கு அந்த வாக்கியத்தில் "இருக்குற வரைக்கும்" மட்டும்தான் கேட்டது. அதற்கப்புறம் மதுரையிலிருந்து அவருக்குச் சளி என்று சேதி வந்தாலும் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. அவளும் அய்யாவும் வயலுக்குப் போயிருக்கையில் காரில் யாராவது வந்து எதையாவது சொல்லிவிட்டுப் போனால்? சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்ல, துணைக்கால் எது என்று தெரிந்த பிள்ளை வாசலில் இருக்கவேண்டுமே? "நீ எழுத்துத் தெரிஞ்சவ, நீ இரு" என்றாள். அத்தோடு என் பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துத் தெரிந்த குற்றத்துக்கு எழுத்தை விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசற்படியில் உட்கார்ந்து, சின்னமனூர்ப் பாதையில் புழுதி கிளம்பும்போதெல்லாம் எழுந்து நிற்பேன்.

பெரியய்யா சொன்ன சொல் தவறவில்லை. அவர் இருக்கிற வரைக்கும் இருந்தோம். அவர் போன பிறகு மரியாதையாகத்தான் வந்து கேட்டார்கள். மரியாதையாகத்தான் நாங்களும் ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். நினைவில்லம் என்ற சொல்லை அம்மா கடைசிவரை வாயால் சொல்லவில்லை. "அந்த வீடு" என்பாள்.

போன தை மாதம் நான் மட்டும் அங்கே போயிருந்தேன். பலகையில் துணைக்கால் எதுவும் இடம் மாறாமல் அழகாக எழுதியிருக்கிறார்கள். கூடத்தில் பெரியய்யாவின் நாற்காலியும் மூக்குக் கண்ணாடியும் கயிற்றுக்கு உள்ளே இருக்கின்றன. தரையில் வழவழப்பான கல், பினாயில் வாடை. அவர் எழுதி அழித்த இடம் எது என்று தெரியவில்லை. அம்மா நின்ற கதவையும் காணவில்லை, காற்றோட்டத்துக்காக எடுத்துவிட்டார்களாம்.

கால் வலிக்க, பழைய வாசற்படியில் உட்கார்ந்தேன். அப்போது தெருவில் ஒரு கார் வந்து நின்றது. என்னையறியாமல் எழுந்து நின்று, "யாரு, எங்கன இருந்து வர்றீக?" என்று கேட்டுவிட்டேன். இறங்கி வந்த பெண், "திருச்சியிலிருந்து வர்றோம்மா. செருப்பை எங்கே விடணும்?" என்றாள்.

"அங்கன விடுங்க" என்று கைகாட்டி, அவர்கள் உள்ளே போக வழிவிட்டு நின்றேன்.