தம்பியின் கால்வலி

காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோதே தம்பிக்குக் காலும் வலிக்க ஆரம்பித்தது. குரல்களுக்கு மாத்திரை கிடைத்தது. "கால் நோவுதுக்கா" என்று அவன் அழுததைத்தான் யாரும் நம்பவில்லை. "அதுவும் பிரமைதாம்மா" என்று பூந்தமல்லி டாக்டர் என் வாயை அடைத்தார்.

கடைசியில் சண்டை போட்டுத்தான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கினேன். தசை நைந்தால் ரத்தத்தில் கூடும் என்சைம் எக்கச்சக்கமாக இருந்தது.

"தம்பி ஜிம்முக்குப் போறாரா?" என்றார் அதே டாக்டர்.

கட்டிலை விட்டே இறங்காதவன்!

"இந்த வியாதியில சிலருக்கு தசை, நரம்பெல்லாம்கூட பாதிக்கும்மா" என்றார், சாவகாசமாக. இதைச் சொல்ல இத்தனை மாதமா?

எரிச்சல் அடங்காமல் ஆட்டோவில் தம்பியிடம் சொன்னேன்: "உன் கால்வலி நெஜம்தான்டா."

ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"அப்போ அந்தக் குரலும் நெஜம்தானேக்கா?"