பெட்டிக்குள் வைக்காத கட்டை

நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் வாசலில் உங்கள் மாமா மாதிரியே காலை இழுத்து இழுத்து நடந்து காட்டிச் சிரித்தீர்கள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அந்தக் கால் எப்படிப் போனது என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லையே என்று நினைத்துத்தான் கையை இறக்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் மாமாவும் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் லோடு ஏற்றினோம். பாலீஷ் போட்ட கல் பலகைகளைக் கட்டுக்கட்டாக கன்டெய்னருக்குள் நிறுத்துவோம். அந்த இரும்புப் பெட்டி லாரியில் தூத்துக்குடி போய், அங்கே கப்பல் ஏறும். கல்லுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து ஆப்பு அடிக்க வேண்டும். இல்லையென்றால் கல் சாயும். எங்கள் மேஸ்திரி அந்தக் கட்டையில்தான் மிச்சம் பிடிப்பான். கதவோரம் நிற்கிற கட்டுக்குக் கட்டையே தரமாட்டான்.

"தொறக்குறவன் வெளிநாட்டுக்காரன். அது அவன் பாடு. சாத்துங்கடா!"

ஆனால் லாரி கிளம்பும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க மட்டும் மறக்கமாட்டான்.

ஒரு தடவை நானும் லாரியோடு துறைமுகம் போனேன். கிரேன் நம் பெட்டியைத் தூக்கி, கப்பலில் இன்னொரு பெட்டியின் தலையில் உட்கார வைத்தது. ரெண்டுக்கும் நடுவே நாலு மூலையிலும் இரும்புப் பூட்டு. அப்புறம் நீளக் கம்பிகளைப் பெருக்கல் குறி மாதிரி மாட்டி, கப்பலோடு சேர்த்து முறுக்கினார்கள். அந்த வேலை பார்த்த ஆள் கீழே இறங்கியதும் கேட்டேன்.

"இம்புட்டு எதுக்குண்ணே?"

"கடல்ல கப்பல் சாயும்ல. ஒரு பெட்டி நழுவுனா பக்கத்துப் பெட்டியையும் தள்ளிரும்."

"உள்ள இருக்குற கல்லு?"

"பூட்டுன பெட்டிக்குள்ள நாங்க எங்கிட்டுப் பாக்க? அது நீங்க கட்டுறதுதான்."

திரும்பி வந்து மேஸ்திரியிடம் சொன்னேன். "கப்பல் கேப்டன் வந்துட்டாருப்பா!" என்று சிரித்தான்.

அப்படிக் கட்டை வைக்காமல் அனுப்பிய பெட்டி ஒன்று, வாங்குகிறவர் வேண்டாம் என்றதால் கப்பல் ஏறாமலே எங்கள் யார்டுக்குத் திரும்பி வந்தது. மேஸ்திரி மாமாவைத் திறக்கச் சொன்னான். ரோட்டுக் குலுக்கலில் கல் கதவின் மேல் சாய்ந்து நின்றது வெளியில் யாருக்குத் தெரியும்? மாமா கதவின் கம்பியைத் திருப்பினார். கதவு அவரைத் தள்ளிவிட்டது. பின்னாடியே வந்த கல் அவர் தொடையில் விழுந்தது.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் அவர் சட்டையையும் தூக்குவாளியையும் எடுக்க யார்டுக்குப் போனேன். அதே பெட்டியில் வேறொருவருக்கு லோடு ஏற்றி முடித்திருந்தார்கள். கதவோரம் மறுபடியும் கட்டை இல்லை! மாமாவின் ரத்தக் கறையைத் தரையிலிருந்து இன்னும் யாரும் கழுவவில்லை. மேஸ்திரி வேப்பமரத்தடியில் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "லாரி நிக்குது, சாத்துங்கடா" என்கிறான்.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நகருடா."

"கட்டை குடு."

"கட்டை இல்ல."

அதுவரை அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருந்தேன். "எந்திரி" என்றேன். கீழே கிடந்த ஆப்பு அடிக்கிற சம்மட்டியை நான் எடுத்ததைப் பார்த்து எழுந்தான். அந்த பெஞ்சை உடைத்தேன். பலகையையும் கால்களையும் கல்லுக்கு முட்டுக் கொடுத்து அடித்து இறுக்கினேன். என் அம்மாவை இழுத்துத் திட்டினான். மற்றவர்கள் தள்ளிப் போனார்கள். லாரி டிரைவர் மட்டும், "இந்தாண்ணே, ஆணி" என்று நீட்டினார். அதோடு என் வேலை போச்சு.

ஆஸ்பத்திரியில் மாமாவிடம் சொன்னேன்.

"மச்சான், இனி அந்தாளு எங்க உக்காருவான்?" என்று சிரிக்க ஆரம்பித்தார். கால் குலுங்கி வலித்து, சிரிப்பு அழுகையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார். பெஞ்சுக் கதையை அவரிடமே கேளுங்கள். இப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.