மூன்றாம் மூலைக்குப் போன துணைப் பயிற்சியாளன்

துணைப் பயிற்சியாளன் என்பவன் ஆட்டம் தோற்றால் முன்வரிசையிலும், வென்றால் படத்தின் ஓரத்திலும் நிற்கவேண்டியவன். யாருக்காவது கீழே வேலை செய்து பழகிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக பேஸ்போல் அணியில் அப்படி நிற்கிறேன்.

புல் வெட்ட வந்தவன்

அந்த மைதானத்தில் புல் வெட்டுவதுதான் என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது நல்ல வேலை. ஒருநாள் அணியின் பந்து என் பக்கம் பறந்து வந்தது. மெஷினை விட்டுவிட்டு வெறுங்கையால் பிடித்தேன். யாழ்ப்பாணத்து வெறுங்காணியில் கிரிக்கெட் விளையாடினவனுக்குக் கையுறை ஏது? பயிற்சியாளர் உவே ஓடி வந்து என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடையவில்லையா? அப்படியென்றால் நாளைக்கும் வா, பந்து பொறுக்க ஆள் இல்லை."

மட்டையோடு ஓடியது

கொஞ்ச நாளில் மட்டையையும் தந்தார். இந்த ஆட்டத்தில் பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மூலையாகக் காலால் தொட்டு, புறப்பட்ட வீட்டுத் தட்டுக்கே வந்து சேரவேண்டும். நான் அடித்தது நல்ல அடி. பிறகு கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையையும் கொண்டே ஓடி, முதல் மூலையில் அதை நீட்டித் தரையில் தேய்த்தேன். அணி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. உவே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. "சிவா, விட்டுவிட்டு வந்தால் மட்டை அழுமா?"

முதல் மூலை

பந்து பொறுக்கினவன் பந்து எறிபவனாகி, பிறகு துணைப் பயிற்சியாளனும் ஆனேன். முதல் மூலையில் நின்று "ஓடு" என்று கத்துவது என் பொறுப்பு. கத்தாவிட்டாலும் ஓடுவார்கள். மூன்றாம் மூலைதான் பெரிய இடம். வீட்டுத் தட்டுக்கு ஓடுவதா, நிற்பதா என்று கத்திக் கைகாட்டுகிறவன் அங்கேதான் நிற்பான். பென்ஷன் எடுக்கமுதல் ஒரு ஆட்டமாவது அங்கே நிற்க ஆசைப்பட்டேன். கேட்கும்போதெல்லாம் உவே மட்டை அழுகிற கதையைச் சொல்லிவிட்டுத் தானே போய் நின்றார். வீட்டில் வந்து புறுபுறுத்தேன். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சையும் நீங்கள் துணைதானே, ஒருநாளாவது கோவிச்சனீங்களே?"

தொண்டை கட்டிய நாள்

போன பருவத்தின் கடைசி ஆட்டம். வெல்லாவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். உவேக்குத் தொண்டை கட்டிவிட்டது, சத்தமே வரவில்லை. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்து மூன்றாம் மூலையைக் காட்டினார். போய் நின்றேன்.

கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் சமம். சென்னையிலிருந்து படிக்க வந்த கார்த்திக் அடித்த பந்து வேலிவரை உருண்டது. ஓடச் சொல்லிக் கையைச் சுழற்றினேன். கிட்ட வந்தபோதுதான் கண்டேன், மட்டை அவன் கையில்! தட்டில் மட்டை பட்டால் செல்லாது, உடம்பு படவேண்டும். எனக்குத் தெரியாத பிழையா? "மட்டையைப் போடடா! காலை வையடா!" என்று தமிழில் கத்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே கூடவே ஓடினேன். மட்டை ஒரு பக்கம் பறந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான், கால் தட்டில் பட்டது. வென்றோம்.

"சாரி அங்கிள், டென்ஷன்ல எல்லாமே கிரிக்கெட்டாத் தெரிஞ்சுது!" என்றான் கார்த்திக். உவே என் காதுக்குள் குசுகுசுத்தார்: "அடுத்த வருஷமும் அங்கேயே நில். மட்டையோடு ஓடின ஆள் ஒன்று தேவைதான்."

முதல் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவில் கிடப்பது நான் புல் வெட்டுகிற சின்னத் துண்டு நிலம்தான். அதைக் கடக்க எனக்கு இத்தனை வருஷமும், உவேக்கு ஒரு தொண்டைக்கட்டும் வேண்டியிருந்தன.