சுயுஞ்சுக்கு ஓடியவன்

டின்ச்திக் பிஷ்கெக்கில் ஊடகவியல் மூன்றாம் ஆண்டு படித்தான். படித்தான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தோற்ற பாடங்களிலெல்லாம் ஆசிரியர்கள் அறையில் போய்ப் பல்லைக் காட்டியே தேறினான். அந்தப் படிப்பிலிருந்து அவன் மண்டைக்குள் ஏறியது ஒரே சங்கதி: எதையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

பழியைப் படிப்பின் மேல் மட்டும் போடக் கூடாது. சொந்த ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், யார் பிள்ளை பட்டாளத்திலிருந்து திரும்பினாலும், "சுயுஞ்சு! சுயுஞ்சு!" என்று கத்திக்கொண்டு முதலில் போய் நிற்பான். நல்ல சேதியை முதலில் கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கும் பரிசுதான் சுயுஞ்சு; அவனை வெறுங்கையோடு அனுப்ப எந்த வீட்டுக்கு மனம் வரும்? வாங்கி வாங்கி ருசி கண்ட பயல். இப்போது கையில் டெலிகிராம் சேனல் வேறு.

கூடப் படித்த ஐஸிரெக்குக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய அண்ணன் எமிலின் லாரி கணவாயில் பனிச்சரிவில் சிக்கியது. அம்மா ஷராபத் சோறு தண்ணி இல்லாமல் போனையே பார்த்துக் கிடந்தாள். பிள்ளை உயிரோடு வருவானா என்பது தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

செய்தியைச் சரிபார்ப்பது எப்படி என்று ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் டின்ச்திக்கின் போன் அதிர்ந்தது. கணவாயில் பனி அள்ளும் கூட்டாளி பேசினான். "ஆள் கெடைச்சிட்டான்டா." அவ்வளவுதான், பையைக்கூட எடுக்காமல் ஓடினான். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஐஸிரெக்கிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது?

சற்று நேரத்தில் அவனுடைய சேனலில் வந்தது: "எமில் மீட்கப்பட்டார்! முதலில் சொன்னது நாங்களே!" ஐஸிரெக் கணவாயில் தேடப் போயிருந்த மாமாவை அழைத்தாள்.

"மாமா, அண்ணன் பேசறானா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?" மாமாவின் குரல் உடைந்தது. "கெடைச்சது உடம்புதான் கண்ணு. பெரியவங்களக் கூட்டிக்கிட்டு சாயங்காலம் வரேன். பக்குவமா உக்கார வெச்சு சொல்லணும். அதுவரைக்கும் அம்மாகிட்ட வாயத் தொறந்துடாத."

அவள் வீட்டுக்கு ஓடியபோது வாசலில் டின்ச்திக் வெளியே வந்துகொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

"உங்கம்மா காதுல கெடந்த தோட்டையே கழட்டிக் குடுத்துட்டாங்க, பாரு!"

"உயிரோடவான்னு கேட்டியாடா?"

"கெடைச்சிட்டான்னான்... அதான்..."

"ஒத்தக் கேள்வி! மூணு வருஷமா என்னத்தடா கிழிச்ச?"

அவன் முகம் செத்தது. "போஸ்ட எடுத்துடறேன்," என்றான். பிறகு தோட்டை நீட்டினான். "இத நீயே குடுத்துடேன்." ஐஸிரெக் பனியில் காறித் துப்பினாள். அவன் தோட்டை மதில் மேல் வைத்துவிட்டு நழுவினான். அவ்வளவுதான் அவனுடைய ஊடக தர்மம்.

உள்ளே ஷராபத் விருந்துக்கு வைக்கும் போர்சோக் மாவுத் துண்டுகளைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். வாழ்த்துச் சொல்லும் போன்கள் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சிரித்து நன்றி சொன்னாள்.

"உக்காருடி, சூடா சாப்பிடு. ஏன் இப்படி நிக்கற?"

ஐஸிரெக் உட்கார்ந்தாள். ஒரு போர்சோக்கை எடுத்து மென்று விழுங்கினாள்.

"உன்கூடப் படிக்கிற அந்தப் பையன் தங்கமான பையன்டி," என்றாள் அம்மா. "எமில் வந்ததும் அவனையும் சாப்பிடக் கூப்பிடு."